ஒரு எண்ணுக்கு ஒரு ஆள்

கனிமொழிக்குத் தஞ்சாவூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டேட்டாபேஸ் வேலை. விடுமுறை நாட்களில் ஒரு ரத்த தானக் குழுவின் இணையதளத்தையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். குழுவை நடத்திய ஜெகபர் அலி அதிராம்பட்டினத்துக்காரர். ஆடி மாதத்தில் ஒரு நாள் போன் செய்தார்.

"தங்கச்சி, ஒரே நம்பர் ரெண்டு மூணு தடவ வருதும்மா. நம்ம ஆளுங்க பேசின எடத்துக்கே திரும்பத் திரும்பப் பேசுறாங்க. கொஞ்சம் சுத்தம் பண்ணிக் குடு."

அவள் அதை முறையாகத்தான் செய்தாள். முதலில் முழு டேட்டாபேஸையும் பேக்கப் எடுத்தாள். எடுத்ததோடு விடாமல், அதைத் தன் லேப்டாப்பில் ஏற்றிச் சரியாகத் திறக்கிறதா என்றும் பார்த்தாள். பிறகு, ஒரே கைப்பேசி எண்ணில் இருந்த பதிவுகளில் கடைசியாகச் சேர்ந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கினாள். நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகள் போயின. இனி ஒரு எண்ணில் ஒருவர்தான் பதிய முடியும் என்று கட்டுப்பாடும் போட்டாள். தேடல் வேகமாயிற்று. ஜெகபர் அலி வாட்ஸ்அப்பில் ஒரு பூங்கொத்துப் படம் அனுப்பினார்.

புரட்டாசியில், திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாலதி என்ற பெண்ணைப் பிரசவத்துக்குத் தஞ்சாவூருக்குக் கொண்டு வந்தார்கள். குழந்தை பிறந்த பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். குழுவினர் தளத்தில் தேடியபோது மூன்று பெயர்கள் வந்தன. ஒருவர் சென்னைக்குக் குடிபோயிருந்தார். ஒருவர் போன மாதம்தான் கொடுத்திருந்தார். மூன்றாமவர் போனை எடுக்கவேயில்லை. திருச்சியிலிருந்து ரத்தம் புறப்பட்டது. அந்த வண்டி தஞ்சாவூரை நெருங்கி வல்லம் தாண்டும்போது மாலதி இறந்துபோனாள். பெண் குழந்தை பிழைத்துக்கொண்டது.

ஐப்பசியில் நடந்த ரத்த தான முகாமுக்கு ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வந்தார். செல்லதுரை என்று பேர் சொன்னார். படுக்கையில் போய்ப் படுக்காமல் நேராகப் பெயர் பதிந்துகொண்டிருந்த கனிமொழியின் மேசைக்கு வந்து நின்றார்.

"ஏம்மா, என்னைய லிஸ்ட்டுலேர்ந்து எடுத்துட்டீங்களா?"

"இல்லையே. ஏங்கய்யா?"

"அஞ்சு வருசமா குடுக்குறேன். எனக்கு ஓ நெகட்டிவ். அந்த மாலதிப் புள்ள எங்களுக்குப் பக்கத்து ஊரு. அது போன அன்னிக்கு நான் வயல்ல நாத்துப் பறிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். போன் வரல. ஊருக்கெல்லாம் குடுக்குறவன் நம்ம பக்கத்துப் புள்ளைக்குக் குடுக்கலயான்னு சாவு வீட்டுல கேட்டுட்டாங்க."

அவர் எண்ணைக் கேட்டு வாங்கித் தேடினாள். அந்த எண்ணில் வேறொரு பெயர் வந்தது. ஏ பாசிட்டிவ்.

"அது எம் மகங்க. வீட்டுக்கு ஒரே போனு. அது காலேஜ்ல சேந்தப்ப அதே நம்பரக் குடுத்துப் பதிஞ்சுச்சு."

பழைய பேக்கப்பைத் திறந்தாள். செல்லதுரை, ஓ நெகட்டிவ், ஊர், கடைசியாகக் கொடுத்த தேதி எல்லாம் இருந்தன. அந்த ஊரிலிருந்து பைக்கில் வந்தால் முக்கால் மணி நேரம்.

"உங்க மேல ஒண்ணும் தப்பு இல்லங்கய்யா. நான்தான் அழிச்சுட்டேன்" என்றாள்.

அவர் நம்பாதவர்போலப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடக்கிக்கொண்டு படுக்கையை நோக்கி நடந்தார்.

அன்று மாலைக்குள் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகளையும் திரும்ப ஏற்றினாள். எண்ணோடு பெயரும் பிறந்த தேதியும் சேர்ந்து பொருந்தினால்தான் ஒரே ஆள் என்று மாற்றினாள். அரை மணி நேர வேலை.

ஜெகபர் அலியிடம் சொன்னபோது அவர் தடுத்தார். "சுத்தம் பண்ணச் சொன்னது நாந்தான். அவரு வந்திருந்தாலும் அந்தப் புள்ள பொழச்சிருக்கும்னு யாரு கண்டா? இதோட விட்டுடும்மா."

"அவங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லணும் பாய்."

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனாள். மாலதியின் கணவன் இளஞ்செழியன் வாசலில் குழந்தையின் துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. அவன் ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்.

"ஒரு நம்பருக்கு ஒரு ஆளுதான் இருப்பாங்கன்னு எப்படிங்க நெனச்சீங்க?"

துணியைக் கொடியில் போட்டுவிட்டு அவனே மறுபடியும் கேட்டான்.

"உங்க வீட்டுல எத்தன போனு?"

"நான் வேலைக்குப் போற வரைக்கும் ஒண்ணுதாங்க. அப்பாவோடது."

அப்பா கூலி வேலைக்குப் போகும்போது அந்தப் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவார். அவளுடைய கல்லூரி விண்ணப்பத்திலும், தம்பியின் பள்ளிக்கூடத்திலும், அம்மாவின் ரேஷன் அட்டையிலும் அந்த ஒரே எண்தான். அது ஆடி மாதத்தில் அவள் நினைவுக்கே வரவில்லை.

இளஞ்செழியன் திட்டவில்லை. "சொல்லாமலே இருந்திருக்கலாம். இனிமே நான் தெனம் இதையே நெனச்சுக்கிட்டு இருப்பேன்" என்றான். உள்ளே குழந்தை அழுதது. அவன் போய்விட்டான். திரும்பி வரவில்லை. அவள் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

தை மாதத்தில் கும்பகோணத்திலிருந்து ஒரு பெண்ணுக்கு ஓ நெகட்டிவ் கேட்டு வந்தபோது பட்டியலில் செல்லதுரையின் பெயர் முதலில் நின்றது. அறுவடையை அப்படியே விட்டுவிட்டுப் போனார். மதியம் அவளுக்குப் போன் செய்தார்.

"குடுத்துட்டேம்மா. அந்தப் பொண்ணு நல்லா இருக்கு."

"சரிங்கய்யா" என்றாள் கனிமொழி. அவர் பதிவைத் திறந்து, கடைசியாகக் கொடுத்த தேதி இருந்த இடத்தில் அன்றைய தேதியைப் போட்டாள்.