ஒரு பொட்டு வெயில்

ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கர்ப்பமாக இருந்தபோது உடம்பில் வெயில் பட்டதா என்று டாக்டரம்மா ஆதிலட்சுமியைத்தான் கேட்டார். பதில் சொன்னது அவள் புருஷன் வேடியப்பன். இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று பத்து மாதமாகக் காத்திருந்தவன் போல முந்திக்கொண்டான்.

"ஒரு பொட்டு வெயிலு அவ மேல படல மேடம். நான் உடல."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தி அவனை நிமிர்ந்து பார்த்தார். மெச்சிக்கொள்கிறார் என்றுதான் அந்தப் பைத்தியக்காரன் நினைத்தான்.

அடி அண்ணாமலை ஊரில் அவனை மெச்சாதவர்கள் யார்? இரண்டாயிரத்து ஒன்றாம் வருடச் சித்திரையில், வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்த ஆதிலட்சுமி ஏழு மாத வயிற்றோடு வரப்பில் மயங்கி விழுந்தாள். மறுநாள் பிள்ளை செத்துப் பிறந்தது. வெயில்தான் அடித்துவிட்டது என்றார்கள். பிள்ளையைக் கையில் வாங்கிக் குழிக்குள் வைத்தவன் அவன். வெயில் மேல் அவனுக்கு வந்த கோபம் பங்காளி மேல்கூட யாருக்கும் வராது.

மூன்று வருடம் கழித்து அவள் மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றே, மலையைப் பார்த்த ஜன்னலுக்குக் கோணி அடித்தான். பின்பக்கம் கக்கூஸ் கட்டி, வீட்டிலிருந்து அதுவரைக்கும் கீற்றுப் போட்டான். செக்கப்புக்குப் போகத் தார்ப்பாய் இறக்கிய ஆட்டோ. புருஷன் என்றால் இவனல்லவா என்று பெண்கள் தங்கள் வீட்டு ஆண்களைக் குத்திக்காட்டினார்கள். ஐந்தாம் மாதத்திலிருந்து அவளுக்கு இடுப்பும் தொடையும் கடுத்தன. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. அவன் நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டான். ஒரே ஒரு நாள், கொடியில் துணியை நானே காயப்போட்டு வருகிறேன் என்று கெஞ்சினாள். அவன் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

பிறந்த பத்தாம் நாள் குழந்தைக்குக் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. பட்சி தோஷம் என்றாள் பக்கத்து வீட்டுச் சந்திரம்மாள். கொடியில் காய்ந்த துணிமேல் பறவை நிழல் விழுந்திருக்கும், அதைக் குழந்தைக்குப் போர்த்தியிருப்பீர்கள் என்றாள். உடனே வேடியப்பன் கதவிடுக்கிலும் துணி திணித்தான். இரண்டு நாள் வேப்பிலை அடித்து மந்திரித்தார்கள். மூன்றாம் நாள் குழந்தை நீலம் பாரித்தபோதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டாக்டரம்மா குரலை உயர்த்தாமல் சொன்னார். வெயில் பட்டால்தான் வைட்டமின் டி என்கிற சத்து உடம்பில் ஊறும். அது இல்லாவிட்டால் சுண்ணாம்புச் சத்து சேராது. தாய்க்கே இல்லாததைக் குழந்தை எங்கிருந்து எடுக்கும்? அதனால் வந்த வலிப்புதான் இது. மருந்து ஏற்றி நிறுத்தியாகிவிட்டது. ஆனால் மூன்று நாள் இழுத்ததில் மூளைக்கு என்ன ஆகியிருக்கிறது என்று இப்போது சொல்ல முடியாது.

"அப்ப மொதல் கொழந்த?" என்றான் வேடியப்பன்.

"அதுக்கு என்ன காரணம்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாதுப்பா."

அவன் மனைவியைப் பார்த்தான். திட்டுவாள், அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க என்னா செய்வீங்க. எனக்காகத்தான செஞ்சீங்க."

அவனுக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு வந்த ஐந்தாம் நாள், குழந்தையைக் காலை வெயிலில் கொஞ்ச நேரம் காட்டச் சொன்னார்கள். அவனே தூக்கிக்கொண்டு வராந்தாவைத் தாண்டி வெளியே வந்தான். எட்டு மணி வெயில் அதற்குள் சுள்ளென்று இருந்தது. போர்த்தியிருந்த துணியை விலக்கினான். வெயில் நேராகக் குழந்தையின் முகத்தில் விழுந்தது. அது கண்ணை அகல விழித்தபடி கிடந்தது. சுருக்கவில்லை, முகத்தைத் திருப்பவில்லை.

வேடியப்பனின் கை தானாக நீண்டு அதன் முகத்துக்கு நிழல் காட்டியது. பிறகு கையை எடுத்தான். மறுபடி மறைத்தான். மறுபடி எடுத்தான். குழந்தையின் இமை அசையவில்லை. வார்டு ஜன்னலில் ஆதிலட்சுமி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் திரும்பிப் பார்க்காமல் குழந்தையின் முகத்துக்கு நேரே கையைக் கொண்டுபோவதும் எடுப்பதுமாக இருந்தான்.