துரை வாசித்த சொல்

கருப்பையா அண்ணனின் கருமாதிக்கு தேயிலைத் தோட்ட மானேஜர் குகனேஸ்வரன் வந்தார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், வெள்ளைக்காரனைப் போல அவரையும் துரை என்றுதான் சொல்வார்கள். நன்றாகத் தமிழ் பேசுவார். அன்று மட்டும் ஆங்கிலத்தில் வாசித்தார். கம்பெனி வக்கீல் எழுதிக்கொடுத்த தாள் அது.

ஓட்டிப்போன கொழுந்து லோரி இறக்கத்தில் புரண்டு அண்ணன் செத்துப்போனார். பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று முன்பே ஆபீசில் சொல்லியிருந்தார். கொழுந்து வரத்து குறையட்டும், பிறகு லோரியைப் பட்டறைக்கு அனுப்பலாம் என்றார் துரை. இப்போது, அண்ணன் வேகமாக ஓட்டினார் என்று லயம் முழுக்கப் பேச்சு. பிரேக்தான் காரணம் என்று துரை வாயால் வர வேண்டும். அண்ணனின் மனைவி அம்மாக்கண்ணு அக்காவுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மொழிபெயர்க்க என்னைத் துரை பக்கத்தில் நிறுத்தினார்கள். நான் தேயிலைத் தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். இரசாயனம் படித்தவள். நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. நிர்வாகம் ஆழ்ந்த கம்பங்ஷன் கொள்கிறது என்ற இடத்தில் நின்றுவிட்டேன். கைப்பேசியில் தேடினேன்.

மனசாட்சியின் உறுத்தல் என்று போட்டிருந்தது. லத்தீனில் ஆழக் குத்துவது என்று பொருள். முற்காலத்தில் கிறிஸ்தவத் துறவிகள் தங்கள் பாவத்தை நினைத்து அழுததற்கு இந்தப் பெயர். இன்று அந்தச் சொல்லைப் பெரும்பாலும் 'இல்லாமல்' என்பதோடு சேர்த்தே எழுதுகிறார்களாம். அது இல்லாமல் கொன்றான். அது இல்லாமல் பொய் சொன்னான்.

"மனசுல குத்துதுன்னு சொல்றாருக்கா."

அக்கா என்னையே பார்த்தார். பதற்றத்தில், பங்ச்சர் என்கிற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான் என்று சொல்லிவைத்தேன்.

"பங்ச்சர் டயருக்கு வர்றதுல்ல. அவருக்குப் போனது பிரேக்கு. அதத் தாள்ல போட்டிருக்கான்னு கேளு."

கேட்டேன். துரை தாளை மடித்துப் பையில் வைத்தார். அதற்கு மட்டும் தமிழில் பதில் சொன்னார்.

"அதெல்லாம் இதுல வராதும்மா."

முதல் பந்தியில் துரைக்கு இலை போட்டிருந்தார்கள். சோறு விழுமுன் அக்கா போய் அந்த இலையை எடுத்துக்கொண்டார்.

கங்காணி ஆண்டியப்பன் அக்கா கையிலிருந்து இலையை வாங்கி, அடுத்த வீட்டில் விரித்தார். லயத்து வீடெல்லாம் தோட்டத்துக்குச் சொந்தம். பாதிப் பேர் எழுந்து துரை பின்னால் போனார்கள். சோறும் குழம்பும் அக்கா வீட்டுச் சட்டியிலிருந்துதான் போயின.

நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். துரை இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டது எங்களுக்கும் கேட்டது.