பக்கத்து வண்டியில் ஹீட்டர் பற்றவில்லை

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைத் திட்ட வேண்டாம். வட டகோட்டாவில் சர்க்கரை பீட்ரூட் அறுவடைக்கு வந்திருக்கிறேன். என் வீடு, டிரக்கின் பின்னால் மாட்டி இழுக்கிற ஒரு வண்டி. பக்கத்து வீடும் அப்படித்தான். அந்தச் சுவர்கள் இருக்கிற கனத்துக்கு, அங்கே ஒருவர் தும்மினால் இங்கே நான் முகத்தைத் துடைத்துக்கொள்ளலாம்.

இன்று காலை அங்கே ஹீட்டரின் விசிறி ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. தீ பற்றுகிற 'டப்' மட்டும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் விசிறியும் நின்றது. மறுபடி ஓடியது, மறுபடி நின்றது. அப்புறம் ஒரு பெண்குரல்:

"அத விடு வெர்லின். இனிமே தொடாத."

ஹீட்டர் பற்றவில்லை என்று புருஷன் தவிக்கும்போது ஒரு மனைவி ஏன் தொடாதே என்கிறாள்? அப்போது எழுத உட்கார்ந்த நான் இன்னும் எழுந்திருக்கவில்லை. காப்பி ஆறிப்போய்விட்டது.

2

முதல் தொடக்கம்: "பனி உறைந்த அந்தக் காலையில் வெர்லினின் மனைவி ஜனெல் தன் வாழ்க்கையைப் பற்றி"

வேண்டாம். குளிரில் யாரும் வாழ்க்கையைப் பற்றி யோசிப்பதில்லை, கால்விரலைப் பற்றித்தான் யோசிப்பார்கள்.

இரண்டாம் தொடக்கம்: "வெர்லின் நல்லவன்தான், ஆனால்"

இதற்குப் பிறகு என்ன எழுதினாலும் அவனைக் கெட்டவனாக்கிவிடும். பாவம், அவன் கெட்டவன் இல்லை. குளிர்காலத்தில் டெக்ஸாஸ், கோடையில் மலைப்பக்கம், இலையுதிர்காலத்தில் பீட்ரூட் என்று சக்கரத்தின் மேலேயே வாழ்ந்தால் முதுமை தன்னைப் பிடிக்காது என்று நம்புகிறவன். நானும் அதையே நம்புகிறவன் என்பதால் அவனைக் கேலி செய்ய எனக்குத் தகுதி இல்லை.

சரி, இப்படித் தொடங்கட்டும்: ஜனெலுக்கு ஹீட்டர் ஏன் பற்றவில்லை என்று தெரியும்.

3

இரவு உறைபனி விழுந்துவிட்டது. உறைந்த பீட்ரூட்டைக் குவித்தால் மொத்தக் குவியலும் அழுகும் என்பதால் களத்தை மூடிவிட்டார்கள். வேலை இல்லை. வேலை இல்லாத வண்டிக்காரர்களின் நடுவே ஒருவன் வண்டியின் பக்கத்தில் ஸ்குரூடிரைவரோடு குனிந்தால் போதும், கூட்டம் கூடிவிடும்.

முதலில் ஓப்பல் வந்தாள், மூன்றாவது வண்டிக்காரி. கையில் காப்பிக் குவளை, காலில் வீட்டுச் செருப்பு.

"யோவ் வெர்லின், கேஸ் இருக்கான்னு பாத்தியா?"

"அடுப்பு எரியுதே, தெரியல?"

"இல்ல, போன வருஷம் காலி சிலிண்டர வச்சுக்கிட்டு நாள் முழுக்க என் புருஷன் மாரடிச்சான். அதான் கேட்டேன்."

அவள் புருஷன் லெஸ்டர் பின்னாலேயே வந்தான். "அத இன்னும் எத்தன ஊர்ல சொல்லப் போற நீ? வெர்லின், இது குளவி வேல. வெளிப்பக்கம் புகைக்குழாய்ல கூடு கட்டியிருக்கும், பாரு."

பார்த்தார்கள். கூடு இல்லை. பேட்டரியைப் பார்த்தார்கள், முழுசாக இருந்தது. விசிறி மட்டும் ஓடி ஓடி நின்றது.

(வண்டி ஹீட்டர் ஒரு சந்தேகப் பிராணி. உள்ளே ஒரு சின்னத் தகடு இருக்கிறது. விசிறியின் காற்று அதைப் போதுமான வேகத்தில் தள்ளினால்தான் அது சாயும். சாய்ந்தால்தான் கேஸ் திறக்கும். எங்கேயாவது காற்றுக்கு வழி அடைபட்டிருந்தால், கேஸும் பொறியும் இருந்தும் தீ வராது. இதை எழுதுகிறபோது என் கதையையும் இதோடு ஒப்பிடக் கை அரித்தது. அரிப்பை அடக்கிக்கொண்டேன்.)

ஜனெல் உள்ளே கோட்டோடு உட்கார்ந்து, ஜன்னல் வழியே மூன்று முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரி இன்னும் குளிரும் என்று சொல்லியிருந்தார்கள். ஹீட்டர் பற்றாவிட்டால் இன்றே ஃபார்கோவில் அவள் தங்கை வீட்டுக்குப் போயாக வேண்டும். ஒரு வீட்டுக்குள் காலை வைத்துவிட்டால் தான் மறுபடி இந்த வண்டியில் ஏறமாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். வெர்லின் ஏறுவான் என்பதும் தெரியும்.

4

இங்கே எனக்கு ஒரு சிக்கல். காற்றை அடைப்பது எது?

நாய்முடி என்று எழுதினேன். அது உண்மையில் நடப்பதுதான். ஆனால் அவர்களிடம் நாய் இல்லை. கதைக்காக ஒரு நாயைக் கொண்டுவந்து, போன மாதம் அது செத்ததாகச் சொல்லி உங்களை அழவைக்க எனக்கு மனசு வரவில்லை. எலி என்று எழுதினால் ஜனெலுக்கு வேலையே இல்லாமல் போகிறது.

ஆகவே பெட்டி. அந்தப் பெட்டியை அங்கே வைத்தவன் நான்தான், ஒப்புக்கொள்கிறேன்.

வண்டியில் வாழ்கிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு: ஒரு பொருள் உள்ளே வந்தால் ஒரு பொருள் வெளியே போக வேண்டும். புதுச் சட்டை வாங்கினால் பழைய சட்டை தானம். அயோவாவில் இவர்கள் வீட்டை விற்றபோது எல்லாவற்றையும் முற்றத்தில் பரப்பி வந்தவர்களுக்கு விற்றார்கள். பீங்கான் தட்டுகளும் போயின என்றுதான் வெர்லின் நினைத்துக்கொண்டிருக்கிறான். போகவில்லை. ஜனெல் அவற்றைத் துண்டுகளில் சுற்றிப் பெட்டியில் கட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்திருந்தாள். கோடையில் வெர்லின் கட்டிலைப் பழுதுபார்க்கப் போகிறேன் என்றதும் பதறிப்போய், பின்பக்கச் சாமான் அறைக்குள் அதைத் திணித்தாள். ஹீட்டரின் காற்றுக்குழாய் அந்த அறை வழியாகத்தான் போகிறது. மெல்லிய குழாய், நசுங்கிவிட்டது. கோடையில் மலைப்பக்கம் ஹீட்டர் போடாததால் யாருக்கும் தெரியவில்லை.

காலையில் விசிறி முதல்முறை நின்றபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

5

லெஸ்டர் சொன்னான்: "பின்னாடி அறையத் திறந்து குழாயப் பாத்துருவோமா?"

"அங்க என்ன இருக்கு, மடக்கு நாற்காலியும் ஹோஸும்தான்," என்று வெர்லின் எழுந்தான். முழங்கால் மளுக்கென்றது.

ஜனெல் படியில் வந்து நின்றாள். "அத விடு வெர்லின். இனிமே தொடாத."

"ஏன்?"

"எனக்குக் குளிரல."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. ஓப்பல் லெஸ்டரின் கையைப் பிடித்து இழுத்தாள். "வா, நம்ம வண்டியில ரொட்டி கருகுது." அவர்கள் வண்டியில் ரொட்டி எதுவும் வேகவில்லை. ஓப்பலை எனக்குப் பிடிக்கும்.

6

முடிவு ஒன்று: வெர்லின் கடைக்குப் போன நேரத்தில் ஜனெல் பெட்டியை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போடுகிறாள். ஹீட்டர் பற்றுகிறது. டெக்ஸாஸ். (இதை எழுதி முடித்ததும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் உறுத்தியது.)

முடிவு இரண்டு: வாயைத் திறக்காமலே இருக்கிறாள். சாயங்காலம் ஃபார்கோ. வெர்லின் ஹீட்டரைத் திட்டிக்கொண்டே ஓட்டுகிறான். ஒரு வாரத்தில் அவன் மட்டும் திரும்பி

முடிவு மூன்று: வெர்லின் பெட்டியைக் கண்டுபிடித்து, தட்டுகளைத் தடவிப்பார்த்து, கண்கலங்கி

இல்லை, இல்லை. இவன் தட்டைப் பார்த்து அழுகிற ஆள் இல்லை. என்ன எடை இது, டயர் தாங்குமா என்றுதான் கேட்பான். அந்தக் கேள்வியில் அவள் உடைந்துபோவாள். அதை எழுத எனக்குப் பயமாக இருந்தது, எழுந்து ஜன்னல் பக்கம் போனேன்.

7

இப்போது நடப்பதைச் சொல்கிறேன், இது என் கற்பனை இல்லை. பக்கத்து வண்டியின் பின்பக்கம் எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. பீங்கான் உரசியதாக எழுத ஆசைதான், அப்படியெல்லாம் கேட்கவில்லை. கனமான ஏதோ ஒன்று தரையில் வைக்கப்பட்டது.

"இத எதுக்கு இத்தன நாளா தூக்கிட்டு வர்ற?" வெர்லினின் குரல். அதில் கோபம் இல்லை, அதுதான் என்னை உட்காரவிடவில்லை.

"எனக்கு ஒரு வீடு வேணும், வெர்லின். ஊர் ஊராச் சுத்துனது போதும். உன்னோட வேணும். ஆனா வீடு வேணும்."

"ஜனெல்..." என்று அவன் ஆரம்பித்தான்.

விசிறி ஓடியது. 'டப்' என்றது. தீ பற்றிக்கொண்டு இரையத் தொடங்கியது. காலையிலிருந்து மூன்று பேர் வேண்டிக்கிடந்த அந்த இரைச்சலில், அடுத்து அவன் பேசிய ஒரு வார்த்தையும் என் காதில் விழவில்லை. வெட்கத்தை விட்டுச் சுவரில் காதை வைத்தேன். அவன் ரொம்ப நேரம் பேசினான் என்பது மட்டும் தெரிந்தது.

அவன் பதிலை நான் எழுதப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் அவள் மறுபடி வண்டியில் ஏறிவிடுகிறாள். நான் எழுதினால் அப்படித்தான் வரும், எனக்குத் திரும்பிப் போக வீடு இல்லை. உங்களுக்கு இருக்கும். அங்கே உட்கார்ந்து, அவன் அவளிடம் என்ன சொன்னான் என்று நீங்கள் எழுதுங்கள்.