இரண்டு ஸ்க்ரூ ஓட்டை

அக்காவின் காரில் இருக்கும் ரேடியோவைப் பாராட்டாதவர்கள் இல்லை. பழைய கார் வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை ஒரு மைதானத்தில் கூடுவார்கள். போன தடவை அங்கே ஒருவர் முட்டி போட்டு உட்கார்ந்து, டேஷ்போர்டுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "கம்பெனியிலயே போட்டு வந்ததா?" என்று கேட்டார். இல்லை, நான் போட்டது என்றேன். எழுந்து கை கொடுத்தார். அக்கா பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவர் கையை உதறிவிட்டு எங்காவது ஓடிப்போகலாம் போல இருந்தது. ஏழு மாதம் எடுத்துக்கொண்டு செய்த வேலை அது. ஒரு மத்தியானத்தில் முடித்திருக்க வேண்டிய வேலை.

நான் கார் எலெக்ட்ரீஷியன். சொந்த ஷெட். வேலை சுத்தம், வாய்தான் சுத்தமில்லை என்று கஸ்டமர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அக்கா கோர்ட்டில் சுருக்கெழுத்தாளராக இருந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரிட்டயர் ஆன மாதமே, இங்கிலாந்தில் செய்த அறுபது வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, தானே ஓட்டிக்கொண்டு என் ஷெட் வாசலில் வந்து நின்றாள். கரும்பச்சை நிறம், இரண்டே சீட், மடக்குகிற துணிக் கூரை. உட்கார்ந்தால் ரோட்டிலேயே உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

"வயசான காலத்துல உனக்கெதுக்குக்கா இது?" என்றேன்.

"வயசுக் காலத்துல வாங்க வசதி இல்லயேடா" என்றாள்.

மூன்று வருடம் ராணி மாதிரி ஓட்டினாள். அப்புறம்தான் காதில் கோளாறு. காது டாக்டரிடம் அவளோடு போனது நான்தான். வலது காது ஏற்கெனவே போய்விட்டது, இடது காதும் போய்விடும் என்றார் டாக்டர். ஆறு மாதமோ, எட்டு மாதமோ. அதற்குப் பிறகு மெஷின் வைத்தாலும் பிரயோஜனம் இருக்காது. அக்கா கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, அவர் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டாள். பழக்க தோஷம். வெளியே வந்து அந்தத் தாளைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

அடுத்த வாரம் ஒரு புது ரேடியோ பெட்டியோடு ஷெட்டுக்கு வந்தாள்.

"இதை வண்டியில மாட்டிக் குடுடா."

"வீட்லதான் ரேடியோ இருக்கே?"

"வீட்ல பாத்திரம் தேச்சுக்கிட்டே கேக்கறதுதான் நடக்கும். ஏரிக்கரையில வண்டிய நிறுத்திட்டு, சும்மா உக்காந்து கேக்கணும். நாப்பது வருஷமா காதுல விழுந்ததையெல்லாம் எழுதிக்கிட்டே இருந்தேன். காது இருக்கற வரைக்கும் எழுதாம கேக்கணும்டா."

இதைவிடத் தெளிவாக ஒருத்தியால் கேட்க முடியுமா? நான் என்ன செய்தேன்? பெட்டியைத் திறந்து பார்த்து முகத்தைச் சுளித்தேன். கறுப்புப் பிளாஸ்டிக் முகப்பு, நடுவில் மினுக்மினுக் என்று நீல லைட். கோட்டு சூட்டு போட்டவன் காலில் ரப்பர் செருப்பு மாட்டின மாதிரி இருக்கும் என்றேன். அக்கா சிரித்தாள்.

அந்த வண்டியில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. மற்ற கார்களில் பேட்டரியின் மைனஸை வண்டியின் பாடியோடு சேர்த்திருப்பார்கள். அந்தக் காலத்து ஆங்கிலேயன் இதில் பிளஸ்ஸைச் சேர்த்து வைத்திருக்கிறான். இன்றைய ரேடியோவின் தகரப் பெட்டி மைனஸ். அது வண்டி இரும்பில் பட்டால் புகைதான். படாமல் மாட்டவும் வழி இருக்கிறது. டேஷ்போர்டுக்கு அடியில் இரண்டு ஸ்க்ரூ போட்டு ஒரு மரக்கட்டையை முடுக்கி, ரேடியோவைக் கட்டையில் தொங்கவிட்டு, ஆன்டெனாவைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டால் போதும். இரண்டே இரண்டு ஸ்க்ரூ ஓட்டை. இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அறுபது வருடமாக ஒருத்தனும் கை வைக்காத இரும்பில் நான் போய் ஓட்டை போடுவதா? மைதானத்தில் நாலு பேர் குனிந்து பார்த்தால் என் மானம் என்ன ஆவது?

டேஷ்போர்டு நடுவில் கம்பெனி முத்திரையோடு ஒரு மூடித்தகடு இருந்தது. ரேடியோ வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு அதைப் போட்டு அனுப்புவார்கள். அதைக் கழற்றினால் பழைய ரேடியோவுக்கு அளவெடுத்த இடம். இரண்டு பக்கமும் குமிழுக்குத் துளை, நடுவில் டயலுக்கு நீளமான சந்து. அந்தக் காலத்து ரேடியோ ஒன்றைத் தேடிப் பிடித்து, உள்ளே இருப்பதை உருவிவிட்டு, தகரத்தில் படாமல் புது சர்க்யூட் வைத்தால் ஓட்டையே தேவையில்லை. இதை அக்காவிடம் விளக்கிச் சொல்லி, அவள் கொண்டுவந்த பெட்டியை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

"எவ்ளோ நாளாகும்?"

"பத்து நாள்."

"நீ சொல்ற பத்து நாளா, மத்தவங்க சொல்ற பத்து நாளா?"

பழைய இரும்புக் கடை ஒன்றுகூட விடாமல் தேடினேன். இரண்டாவது மாதக் கடைசியில் ஒரு ரேடியோ கிடைத்தது. துருப்பிடித்து, டயல் கண்ணாடி விரிசல் விட்டு, ஒரு குமிழ் இல்லாமல். கண்ணாடி வெட்டி வாங்க மூன்று வாரம். குமிழ் கேட்டு ஒரு கடைக்கு எழுதிப் போட்டேன், தபாலில் வந்தது. ரேடியோவில் இருப்பது காப்பிக்கொட்டை நிறம், வந்தது வெள்ளை. திருப்பி அனுப்பிவிட்டு மறுபடி எழுதினேன்.

"வெள்ளைக் குமிழ திருப்பினா பாட்டு வராதா?" என்று கேட்டாள் என் மனைவி.

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"ஆமாமா, புரியாது. தான் புடிச்ச முயலுக்கு மூணு காலுன்னு நில்லுங்க. உங்கக்கா காது உங்க குமிழுக்காகக் காத்துக்கிட்டா இருக்கும்?"

சாப்பிடுகிற தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன். சுரீர் என்றதற்குக் காரணம் அவள் சொன்னது சரி என்பதுதான். சரியானதைச் சொல்கிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபமே வரும்.

நடுவில் அக்கா ஒருமுறை வந்து நின்றாள். "டேய், அந்தப் பெட்டியவே கயித்துல கட்டித் தொங்கவிடு. எனக்கு அழகு வேணாம்டா, சத்தம் வேணும்."

"அவசரப்பட்டா வேலை நாறிடும். கொஞ்ச நாள் பேசாம இருக்கா" என்றேன்.

பேசாமல் இருந்தாள். அதற்குப் பிறகு அவள் ரேடியோ பேச்சையே எடுக்கவில்லை. பக்குவமாகிவிட்டாள் என்று நினைத்தேன். ஐந்தாவது மாதத்திலிருந்து போன் செய்தால் எடுப்பதில்லை, மெசேஜ்தான் வரும். நேரில் வந்தால் முன்பெல்லாம் இடது காதைத் திருப்பிக் கேட்பவள், இப்போது என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். எதற்கெடுத்தாலும் "சரிடா" என்றாள். எல்லாம் கண்ணில் பட்டது. மனதில் பதியவில்லை என்று சொன்னால் அது பொய். பதிந்தது. குமிழ் வந்துவிடட்டும், அப்புறம் கவலைப்படலாம் என்று தள்ளிவைத்தேன்.

ஏழாவது மாதம் குமிழ் வந்தது. மேஜையில் வைத்துப் போட்டுப் பார்த்தேன். கணீரென்று பாடியது. வண்டியில் பொருத்தியபோது, பிறந்ததிலிருந்தே அங்கே இருந்த மாதிரி உட்கார்ந்தது. நான் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்போது எனக்கு மைதானம்தான் ஞாபகம் வந்தது. அக்கா இல்லை.

மறுநாள் காலையில் அவளை வரச் சொன்னேன். பிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு வந்தாள். டேஷ்போர்டைப் பார்த்ததும் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். டயல் கண்ணாடியை விரலால் தடவினாள். ஸ்டியரிங் முன்னால் அவள் உட்கார்ந்தாள், பக்கத்து சீட்டில் நான்.

"நீயே போடு" என்று குமிழைக் காட்டினேன்.

வலப்பக்கம் திருப்பினாள். டிக் என்றது. டயலில் மஞ்சள் வெளிச்சம் மெதுவாகப் பரவியது. காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. ஷெட்டின் ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

குனிந்து டேஷ்போர்டுக்கு அடியில் பார்த்தேன். ஸ்பீக்கர் ஒயர் இரண்டும் டேப் சுற்றியபடி தனித்தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தன. பொருத்தும்போது பாடியில் பட்டுப் புகைந்துவிடக் கூடாதே என்று முந்தின நாள் நானே சுற்றி ஒதுக்கிவைத்தது. அழகு பார்த்த அவசரத்தில் சேர்க்க மறந்திருக்கிறேன். சரியான மடையன். ஒரு நிமிஷ வேலை. சொல்வதற்காக நிமிர்ந்தேன்.

அக்கா சீட்டில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். முகத்தில் சிரிப்பு. வலது கை விரல்கள் ஸ்டியரிங்மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

"நல்லாருக்குடா" என்றாள். "ரொம்பத் தெளிவா கேக்குது."

இடது காது எப்போது போனது என்று தெரியவில்லை. போன வாரமா, போன மாதமா, அந்த வெள்ளைக் குமிழைத் திருப்பி அனுப்பிய அன்றைக்கா? என்றைக்குப் போயிருந்தாலும், அதுவரை அவள் ஏரிக்கரையில் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். அவள் கேட்க வேண்டிய அத்தனை நாளையும் நான் தின்றுவிட்டேன். அதை என்னிடம் சொன்னால் நான் உடைந்துபோவேன் என்று, வராத பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவள் விரல்கள் நின்றுவிட்டன. டயலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சத்தம்தான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள். "கொறைடா."

அழுதால் அவளுக்குத் தெரிந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டிக் குமிழை இடப்பக்கம் திருப்பினேன். அவள் பார்க்கும்படியாக வாயை நன்றாகத் திறந்து, "இப்போ?" என்று கேட்டேன்.

"ஆங், இப்போ சரியா இருக்கு" என்றாள் அக்கா.