வருகைக்கு வந்த கேக்

பெயர் ஹாஸிம். வயது இருபத்து மூன்று. சொந்த ஊர் எகிப்தில் மின்யா. இப்போது இருப்பது அம்மான் நகரத்துக்கு வெளியே சஹாபில், டைல்ஸும் குழாய்ச் சாமானும் விற்கிற ஒரு கம்பெனியின் கிடங்கில். சரக்கு ஏற்றி இறக்குவதுதான் வேலை என்று சொல்லி எடுத்தார்கள். ஆனால் அந்தக் கிடங்கில் வயதில் இளையவன் எவனோ, அவன் தலையில் சொல்லாத வேலையும் வந்து விழும். காலையில் எல்லாருக்கும் கசப்புக் காப்பி ஊற்றுவது, ரொட்டிக் கடைக்கு ஓடுவது, யாருக்காவது முதுகு பிடித்துக்கொண்டால் தைலம் தேய்த்துவிடுவது. இதற்கு யாரும் உத்தரவு போடுவதில்லை. பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், இளையவன் நின்றிருப்பான், அவ்வளவுதான்.

பெரியவர்களுக்கெல்லாம் பெரியவர் அபூ நாயிஃப், கிடங்குப் பொறுப்பாளர். முழு பென்ஷனுக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி. அதை முடித்துவிட்டு உட்கார வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

"டேய் மின்யாக்காரா, என்ன காப்பி இது? நைல் தண்ணியக் கலந்துட்டியா?"

"கசப்பு பத்தலையா ஹாஜி? உங்க மூஞ்சிய ஒரு தடவ காட்டுங்க, கூடிரும்."

மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்காமல் கோப்பையை நீட்டுவார். இன்னொரு வாய் ஊற்று என்று அர்த்தம். போதுமென்றால் கோப்பையை லேசாக ஆட்டுவார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த இடத்துக்குத்தான் மாடி அலுவலகத்தில் ரனீம் வந்து சேர்ந்தாள். ஊழியர்களைக் கவனிக்கிற அதிகாரி. வயது இருபத்தெட்டு இருக்கும். வந்த வாரமே எல்லாரையும் நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஒரே இடத்தில் நாலு தலைமுறை சேர்ந்து வேலை செய்வது எப்படி என்று திரையில் படம் காட்டினாள். பெரியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகப் பார்த்தார்கள். கடைசியில், இனிமேல் வருகையைப் போனிலேயே பதிவு செய்ய வேண்டும் என்றாள். வந்ததும் ஒரு அமுக்கு, போகும்போது ஒரு அமுக்கு, நடுவில் அது கேட்கும்போதெல்லாம் ஒரு அமுக்கு.

"ஹாஸிம், நீ நம்ம செட்டு. அவங்களுக்கு நீதான் சொல்லிக் குடுக்கணும்" என்றாள்.

அவனும் சொல்லிப் பார்த்தான்.

"நான் வந்தேனா வரலையான்னு இந்தப் போன்கிட்ட வேற சொல்லணுமா?" என்று அபூ நாயிஃப் போனைக் காப்பித் தட்டில் வைத்தார். "இந்தா, நீயே அமுக்கு."

அடுத்தவரும் வைத்தார், அதற்கடுத்தவரும். காலையில் கோப்பைகளோடு போன ஹாஸிம், கோப்பை இருந்த இடத்தில் போன்களோடு திரும்பினான். பசங்களுக்குச் சாதம் ஊட்டுவது போல ஒவ்வொன்றாக அமுக்கினான். எல்லாரும் கண்ணெதிரே இருந்தார்கள், வேலையும் நடந்தது. அதில் தப்பிருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற சலாமேயின் அம்மா இறந்துபோன மறுநாள், அபூ நாயிஃப் காலையிலேயே சலாமேயின் ஊரான சர்க்காவுக்குக் கிளம்பினார். ஒருவர் வீட்டில் சாவு என்றால் கிடங்கிலிருந்து ஒரு மூத்தவர் போய்த் துக்க வீட்டில் உட்கார்ந்துவிட்டு வருவது அங்கே எப்போதும் இருக்கிற பழக்கம்.

"போன் இங்கயே இருக்கட்டும். துக்க வீட்ல உக்காந்திருக்கும்போது டிங் டிங்னு அடிச்சா அசிங்கம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அமுக்கு என்று சொல்லவில்லை. ஹாஸிமின் கை பழக்கத்தில் அதையும் சேர்த்து அமுக்கிவிட்டது.

அன்றைக்குப் பார்த்து ரனீம் கேக்கோடு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். ஒரு கையில் கேக், மறு கையில் போன், அதில் துபாய் தலைமை அலுவலகத்துப் பெரிய அதிகாரியின் முகம்.

"எங்க நம்ம ஹீரோ? போன மாசம் கம்பெனியிலேயே ஒரு நிமிஷம் பிசகாம வந்தது யாரு தெரியுமா? நம்ம அபூ நாயிஃப் அங்கிள்தான்."

"பாத்ரூம்ல இருப்பார்" என்றது ஒரு குரல். சற்றுப் பொறுத்து அவள் அலுவலகப் போனிலிருந்து அவர் எண்ணைக் கூப்பிட்டாள். காப்பித் தட்டில் கோப்பைகளுக்கு நடுவே அது அடித்தது. பெரியவர்கள் அவரவர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டார்கள். துபாய்க்காரர் ஆங்கிலத்தில் என்னவோ கேட்டார். ரனீமின் முகம் வெளுத்துவிட்டது.

மத்தியானம் அவள் ஹாஸிமை மேலே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"நீதான அமுக்குன?"

"ஆமா மேடம். அவர் சொல்லக்கூட இல்ல. நானாத்தான்."

"இத இன்னொருத்தர்கிட்ட சொல்லாத. உன் வேலை பர்மிட் கம்பெனி பேர்ல இருக்கு. நாளைக்கே அகபா துறைமுகத்துல ஊருக்குக் கப்பல் ஏத்தி விட்ருவாங்க." நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குப் புரியாம இல்ல ஹாஸிம். எங்க வீட்லயும் நான்தான் எல்லாருக்கும் காப்பி ஊத்துறேன். ஆனா நீ செஞ்சத இங்கிலீஷ்ல எழுதி துபாய்க்கு அனுப்புனா மோசடின்னு திரும்பி வருது."

அவள் கண்டுபிடித்த ஒரே வழி, ஒரு வரி. 'வயதாகிவிட்டதால் எனக்கு இந்தச் செயலி புரியவில்லை' என்று அபூ நாயிஃப் கையெழுத்துப் போட்டால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்களாம். வியாழக்கிழமைக்குள் வேண்டும்.

ஹாஸிம் கீழே வந்து சொன்னான். அபூ நாயிஃப் கடைசிவரை கேட்டார்.

"புரியலைன்னு நான் ஏன் எழுதணும்? எனக்கு நல்லாத்தான் புரிஞ்சுது. துக்கத்துக்குப் போனேன், கம்பெனி பேரைச் சொல்லித்தான் உக்காந்தேன். அத அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு."

"அப்ப நான் பண்ணேன்னு சொல்லிடறேன் ஹாஜி. உண்மையே அதான்."

"வாயை மூடு. பொழைக்க வந்த புள்ளைய முன்னால தள்ளிட்டு நான் பின்னால நின்னேன்னு நாளைக்கு என் மகன் காதுல விழணுமா?"

ஹாஸிம் மேலே ஏறினான், கீழே இறங்கினான். மேலே சொன்னதைக் கீழே சொல்லும்போது அதில் பாதி கரைந்துவிட்டது. கீழே சொன்னதை மேலே சொன்னால் திமிர் மாதிரி ஒலித்தது. நீங்களே நேரில் பேசுங்கள் என்று ரனீமிடம் கெஞ்சினான்.

அவளும் வந்தாள். டைல்ஸ் பெட்டி மேல் உட்கார்ந்தாள்.

"எப்படி இருக்கீங்க அங்கிள்?"

"அல்லாஹ் புண்ணியத்துல நல்லா இருக்கேன் மகளே. அப்பா நல்லா இருக்காரா? டேய், மேடத்துக்கு ஊத்து."

ஹாஸிம் ஊற்றினான். அவள் குடித்தாள். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள், மழை இல்லையே என்றாள். அவரும் ஆமாம் என்றார். இப்போது பேசிவிடுவார்கள், இப்போது பேசிவிடுவார்கள் என்று ஹாஸிம் காப்பிக் கூஜாவோடு நின்றான். பெரிய மனிதரிடம் 'நீங்கள் கிழவர் என்று எழுதுங்கள்' எனச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. வீடு தேடி வந்த விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம் முடியாது என்று சொல்ல அவருக்கும் வரவில்லை. கோப்பையை ஆட்டி அவனிடம் கொடுத்துவிட்டு, அந்த ஒரு வரி எழுதிய காகிதத்தைப் பெட்டி மேல் வைத்துவிட்டு ரனீம் போனாள். அவர் அதைத் தொடவே இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் போனில் ஒரு செய்தி வந்தது. கண்ணாடி இல்லை என்று ஹாஸிமிடம் நீட்டினார்.

"என்ன சொல்றான், படி."

"ஹாஜி..."

"படிடா."

இத்தனை வருட உழைப்புக்கு நன்றி, இன்றோடு பணி முடிகிறது, அடுத்த பயணத்துக்கு வாழ்த்துகள் என்று இருந்தது. படித்தான். குரல் நடுங்காமல் படிப்பதைத் தவிர அவனால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை.

"நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்று அபூ நாயிஃப் கோட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

ஹாஸிமுக்கு ஒன்றும் ஆகவில்லை, வேலை இருக்கிறது. இப்போது அவரவர் போனை அவரவரே அமுக்குகிறார்கள். ரனீம் கீழே வருவதில்லை. அவன் வெள்ளிக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போகிறான். அவர் சாப்பிட வைத்து அனுப்புகிறார். மன்னிப்பு என்று வாயெடுத்தால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுகிறார்.

இதைப் படிக்கிறவர்களிடம் அவன் கேட்பது ஒன்றுதான். அம்மான், சஹாப், சர்க்கா பக்கம் உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது கிடங்கு பார்க்க ஆள் வேண்டுமென்றால் ஹாஸிமிடம் சொல்லுங்கள். அபூ நாயிஃபை ஒரு வருடத்துக்கு எடுத்துக்கொண்டால் போதும், பென்ஷன் முழுசாகிவிடும். அவருக்குச் செய்தி அனுப்ப வேண்டாம். வீட்டு முகவரி தருகிறான், நேரில் போய்க் கேளுங்கள்.