இடது பக்க சீட்

"எறங்கு சாவித்திரி, சொன்னாக் கேளு. ஆவடிக்கு இன்னும் கொஞ்ச தூரந்தான்..."

"அந்தக் கொஞ்ச தூரத்தையும் நானே ஓட்டிட்டுப் போறேனே, உங்களுக்கு என்ன வந்தது?"

"கை சரியாயிடுச்சுன்னு நேத்தே கட்டு அவுத்தாச்சு..."

"அவுத்ததுக்கு சந்தோஷம். பேசாம உட்காருங்க."

செம்பரம்பாக்கம் ஏரிக்கரை ஓரம் ஜீப் நின்றிருந்தது. கூரைவரை செம்மண் சேறு. வயநாடு, குடகு, ஆகும்பே என்று பத்தொன்பது நாள் மழையிலேயே ஊறிய வண்டி.

ஆறாம் நாள், ஆகும்பேக்கு அப்பால் காட்டுக்குள்ளே ஒரு தரைப்பாலம். ஆழம் பார்க்க இறங்கிய அவள் புருஷன் தங்கராஜ் வழுக்கி விழுந்தார். இடது மணிக்கட்டு பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கிவிட்டது. போனில் சிக்னல் இல்லை. பின்னால் மண் சரிந்து வழி அடைத்துக்கொண்டது. முன்னால் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. ஆவடி மார்க்கெட்டுக்கும் அம்பத்தூர் தங்கை வீட்டுக்கும் தவிர வேறெங்கும் வண்டி எடுத்தறியாத சாவித்திரிதான் ஸ்டீரிங்கைப் பிடித்தாள். அன்றிலிருந்து பதிமூன்று நாள், ரெண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், அவள் ஓட்டியதுதான்.

இவர் ஏன் இப்படித் துடிக்கிறார் என்று அவளுக்குத் தெரியாமலா? தெருமுனையில் மனோகரனும் மற்றவர்களும் காத்திருப்பார்கள். எல்லாரும் ராணுவ டேங்க் ஃபேக்டரியில் டெஸ்ட் டிரைவராக இருந்து ரிட்டையர் ஆனவர்கள். கிளம்பும்போதே மனோகரன் சொன்னான், "அண்ணி பூந்தமல்லி தாண்டினதும் தலை சுத்துதுன்னு திரும்பிடுவாங்க பாரு" என்று. அதைத்தான் அவள் பத்தொன்பது நாளும் மென்றுகொண்டிருந்தாள்.

"முப்பத்துநாலு வருஷம் டேங்க் ஓட்டினவன், சும்மா பக்கத்துல உட்கார்ந்து வந்து இறங்கணுமா?"

"சும்மாவா வந்தீங்க? நேத்து முழுக்க வாய் ஓயலையே!"

"பின்னே? நான் சொல்லச் சொல்லத்தானே நீ ஓட்டினே?"

அது சுருக்கென்று தைத்தது. சாவித்திரி சாவியைத் திருகினாள்.

பூந்தமல்லியில் ஒரு கண்டெய்னர் லாரியை முந்திக்கொண்டு போனாள். பருத்திப்பட்டில் முழங்கால் தண்ணீர். பைக்கில் வந்தவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். செகண்ட் கியரில் போட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல் ஒரே சீராகக் கடந்தாள். முகவாய் தானாக நிமிர்ந்தது. தங்கராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தெருவுக்குள் திரும்பியதுமே கைதட்டல். மனோகரன் ரோஜா மாலையோடு ஓடிவந்தான். வந்தவன் நேராக இடது கதவைத் திறந்து தங்கராஜ் கழுத்தில் போட்டான்.

"வா அண்ணாத்தே! பாத்தீங்களாடா, அப்டியே நம்ம ட்ரையல் ரன் மாதிரியே கீது! இன்சார்ஜ் இடது பக்கம், புது ஆளு ஸ்டீரிங்ல! அண்ணிக்கு சூப்பரா ட்ரெயினிங் குட்துகினு வந்துகீறாரு!"

ஃபேக்டரிப் பழக்கம் அப்படி. கற்றுக்கொடுப்பவர் இடது பக்கம் உட்காருவார். வண்டி பழுதில்லாமல் திரும்பினால் பேர் அவருக்கு. எல்லாரும் சிரித்துத் தலையாட்டினார்கள். மனோகரன் மனைவி பத்மா ஆரத்தித் தட்டையும் அந்தப் பக்கமே கொண்டுபோனாள்.

சாவித்திரி இன்ஜினை அணைக்கவில்லை. ஸ்டீரிங்கை விடவும் இல்லை. 'நான் ஓட்டினேன்' என்று அவளே சொல்லலாம். ஆனால் கூட இருந்து பார்த்த மனுஷன் வாயால் வரட்டும். வராவிட்டால் போகட்டும், தரைப்பாலத்துத் தண்ணீருக்குத் தெரியும்.

தங்கராஜ் கீழே இறங்கினார். மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"மனோகரா, தண்ணி பம்பருக்கு மேல ஏறிச்சுடா. நான் ஒரு வார்த்தை சொல்லிக் குடுக்கல. அக்கரை சேர்ற வரைக்கும் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."