அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம்

தன் இரத்த அழுத்தம் ஏறியிருக்க வேண்டும் என்று கும்பிட்டபடியே சச்சிதானந்தன் மருத்துவரின் அறைக்குள் போனார்.

சில வாரங்களுக்கு முன் அது கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. காலையும் மாலையும் வீட்டில் அளக்கச் சொன்னார்கள். அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும், யாரும் கதைகொடுக்கக் கூடாது. ஷாஃப்ஹவுசன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் சட்டிபானைச் சத்தத்துக்குள்ளேயே காலத்தைக் கழித்தவர் அவர். ஓய்வுபெற்றால் புத்தகமும் தானுமாக இருக்கலாம் என்று நம்பியிருந்தார். வீட்டில் சிவகலா இருப்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாய் ஓய்ந்தது அந்த ஐந்து நிமிடங்களில் மட்டும்தான். "முதல் அளவு பிழைச்சுப்போச்சு" என்று அவர் அதை அரை மணிநேரமாக்கியும் பார்த்தார்.

மருத்துவர் திரையைப் பார்த்து முகம் மலர்ந்தார். மேல் அளவு நூற்று இருபத்தாறு, நாடி அறுபத்திரண்டு. இனி வீட்டில் அளக்கத் தேவையில்லை என்றார்.

வயதோடு இதெல்லாம் ஏறுமே என்று சச்சிதானந்தன் ஜெர்மனில் வாதாடிப் பார்த்தார். குழந்தையின் இதயம் வேகமாக அடிக்கும், வளர வளரக் குறையும், பெரியவர்களானபின் ஓய்வில் இருக்கும்போது அவ்வளவாக மாறாது என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். வயதாக ஆக இரத்தக் குழாய்கள் இறுகி மேல் அளவு ஏறுவதுண்டு. அவருடையது ஏறவில்லை. கொடுத்துவைத்தவர் என்றார்.

"டொக்டர் என்னவாம்?" என்றாள் சிவகலா, அவர் வீட்டுக் கதவைத் திறக்கும் முன்பே.

"வயசு போகுதாம். விடாமல் அளக்கட்டாம்."

"எனக்கு மட்டும் வயசு திரும்பியே வருது? எனக்கும் அந்தப் பட்டையைக் கட்டுங்கோ, பாப்பம்."

நூற்று அறுபத்திரண்டு. திரும்ப அளந்தும் இறங்கவில்லை.

அடுத்த வாரம் அவளுக்கு மாத்திரை எழுதினார்கள். காலையும் மாலையும் ஐந்து நிமிட அமைதி. பயத்துக்கும் வெட்கத்துக்கும் நடுவே சச்சிதானந்தனின் மனதின் ஒரு மூலை குளிர்ந்தது. பட்டையை அவள் கையில் சுற்றிவிட்டுப் புத்தகத்தை விரித்தார். அவள் மற்றக் கையால் அதை மூடினாள்.

"இஞ்சேருங்கோ, நான்தான் கதைக்கக் கூடாது. நீங்கள் கதைக்கலாம்."

"நான் என்னத்தைக் கதைக்கிறது?"

"இவ்வளவு காலமும் உங்கட பங்கையும் சேர்த்து நான்தானே கதைச்சனான். அதிலதான் ஏறினது."

சொல்லிவிட்டு வாயை இறுக்கிக்கொண்டு அவரையே பார்த்திருந்தாள்.

அவர் தொண்டையைச் செருமினார். ரைன் ஆற்றில் தண்ணீர் கூடிவிட்டது என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த நாள் புத்தகத்தில் படித்ததைச் சொன்னார். அதற்கடுத்த நாள் சமையலறையில் தன்னை ஏசிய மேலாளரைப் பற்றி, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

மாதக் கடைசியில் சிவகலாவின் அளவு நன்றாக இறங்கியிருந்தது. மருத்துவர் மாத்திரையைப் புகழ்ந்தார்.

அன்று பின்னேரம் அவள் கடைக்குப் போன நேரம், சச்சிதானந்தன் தன் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தார். நூற்று நாற்பத்தெட்டு. கும்பிட்டது பிந்தித்தான் பலித்திருக்கிறது. இனி அவருடைய அமைதியை யாரும் பறிக்க முடியாது.

ஆனால் அவருக்கு முதலில் தோன்றியது வேறு. இன்றைக்கு அவளுக்குச் சொல்ல ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. படியில் காலடி கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.